சிங்கப்பூருக்குப் படிக்கச் செல்லும் தங்கைக்கு

காடாம்புலியூர்,
கடலூர் மாவட்டம்.

அன்புள்ள தங்கைக்கு,

வெளிநாட்டில் படிக்கப் போகிறவருக்கு விண்ணப்பம், கட்டணம், விமானச்சீட்டு ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல முகவர்கள் பலர் உண்டு. பல இனத்தவரும் சமயத்தவரும் ஒருவரோடொருவர் நெருங்கி வாழும் நகரில் ஒரு நாளை எப்படி நடத்துவது என்பதைச் சொல்வோர் குறைவு. சிங்கப்பூரை முன்வைத்து அந்த அன்றாட வாழ்வை விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம். அங்கே இன நல்லிணக்கம் மக்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விடப்படுவதில்லை. சட்டத்தாலும் சின்னச்சின்னப் பழக்கங்களாலும் அது நாள்தோறும் பேணப்படுகிறது. அப்பழக்கங்களைக் கற்றுக்கொள்வதே புதிதாக வரும் மாணவரின் முதற்பாடம்.

மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அங்கே ஆட்சிமொழிகள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த மக்கள்தொகையில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு. இவர்கள் என்றுமே இணக்கமாக இருந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1964 ஜூலை 21 அன்று மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது; அந்த நாளையே பள்ளிகள் இப்போது இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன. அரசு கட்டித்தரும் அடுக்குமாடி வீடுகளை நிர்வகிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது ‘வீவக’, 1989 முதல் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தவர் எவ்வளவு வீடுகள் வாங்கலாம் என்று வரம்பு விதித்து, ஓரினத்தார் மட்டும் ஓரிடத்தில் குவிவதைத் தடுத்துவருகிறது. மக்களில் பெரும்பாலோர் இவ்வீடுகளில்தான் வாழ்கின்றனர் என்பதால், மின்தூக்கியில் ஏறும் எவரும் வேற்றினத்தாரோடு நின்றே மாடிக்குச் செல்கிறார்.

கடலூர்க் கரைக்கு இந்நகரம் புதிதன்று. தெற்குப் பாலச் சாலையிலுள்ள மாரியம்மன் கோயில் 1827இல் நாராயண பிள்ளையால் தொடங்கப்பட்டது. நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள் வழிபட்ட கோயில் அது. அதே சாலையில், சூலியாக்கள் எனப்பட்ட சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமே பள்ளிவாசல் அருகிலேயே நிற்கிறது. சற்றுத் தள்ளியுள்ள தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் கடல் தெய்வமான மாசுவுக்குச் சீனர் கட்டிய தியான் ஹொக் கெங் கோயிலும் ஒரே வரிசையில் உள்ளன. கல்லூரி திறக்குமுன் ஒரு மாலையில் இவ்விரு தெருக்களிலும் நடந்து பார்ப்பது, நகரத்தின் வரலாற்றை நூலில் படிப்பதற்கு நிகரான பயிற்சி.

இனி, தாள்களைப் பற்றிச் சுருக்கமாக. முழுநேரப் படிப்புக்கு வரும் வெளிநாட்டவருக்குக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் மாணவர் அனுமதி வழங்குகிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக்கட்டண மானியம் பெற்றுக் குறைந்த கட்டணத்தில் படிக்கும் வெளிநாட்டு மாணவர், பட்டம் பெற்றபின் பெரும்பாலான படிப்புகளுக்கு மூன்றாண்டுகள் சிங்கப்பூரில் பதிவான நிறுவனத்தில் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதித்தர வேண்டும். இதை வீட்டாருடன் உட்கார்ந்து வரிவரியாகப் படித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனங்களின் மாணவர், கல்விப் பருவக் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். அவ்வங்கீகாரம் பெறாத தனியார் கல்வி நிலையங்களில் படிப்போருக்கு இவ்வுரிமை இல்லை. ‘அங்கே போய் வேலை பார்த்தே கட்டணம் கட்டிவிடலாம்’ என்று யாரேனும் சொன்னால் அப்பேச்சை அத்தோடு நிறுத்திவிடுவது நல்லது.

அன்றாடப் பழக்கங்களைக் கற்பதற்கு உணவங்காடி நிலையத்தைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை. தெருவோரத்தில் விற்றவர்களை ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவந்து அமைக்கப்பட்ட, மலிவான உணவுக் கடைகளின் தொகுப்பே உணவங்காடி. இப்பண்பாடு 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. உச்சிவேளையில் மேசையொன்றில் கைக்குட்டைத்தாள் பொட்டலம் மட்டும் கிடந்தால், யாரோ அவ்விடத்தைப் பிடித்துவைத்துவிட்டு உணவு வாங்கச் சென்றிருக்கிறார் என்று பொருள். அதைத் தள்ளிவைத்துவிட்டு உட்காருவது சண்டைக்கு வழிவகுக்கும். ‘கோப்பி’ என்று மட்டும் கேட்டால் கெட்டிப்பால் சேர்ந்த காப்பி வரும். பாலின்றிச் சர்க்கரை மட்டும் போட்டது ‘கோப்பி ஓ’. சர்க்கரையும் வேண்டாமெனில் ‘கோசோங்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தானே எடுத்துச்சென்று அதற்குரிய அடுக்கில் வைப்பது 2021 முதல் கட்டாயம். அந்த அடுக்கு பெரும்பாலும் இரண்டாக இருக்கும்: ஹலால், அதாவது இஸ்லாமிய விதிப்படி ஆக்கப்பட்ட உணவின் தட்டுகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. பன்றியிறைச்சி பரிமாறிய தட்டை முதல் அடுக்கில் வைப்பவர் சட்டத்துக்குத் தப்பினாலும், ஒரே மேசையில் எல்லாரும் உண்பதற்கு அடிப்படையான நம்பிக்கையைக் கெடுத்தவராகிறார்.

சைவம் உண்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீரையைக்கூட மலாய், சீனச் சமையலில் ‘பெலாச்சான்’ எனும் இறால் விழுதுடன் வதக்குவது உண்டு; ஆகவே ‘காய்கறிதானே’ என்று நம்பாமல் என்ன சேர்கிறது என்று கேட்டுவிட வேண்டும். சீன பௌத்தர் நடத்தும் சைவக் கடைகளில் இறைச்சி போலவே தோற்றமளிக்கும் சோயா உணவுகள் இருக்கும். அவற்றைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. மாட்டிறைச்சி தவிர்க்கும் இந்து, பன்றியிறைச்சி தவிர்க்கும் முஸ்லிம், எதையும் தவிர்க்காத சீனர் மூவரும் ஒரு குழுவாகச் சாப்பிடச் செல்லும்போது, மூவருக்கும் ஒத்துவரும் கடையை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவரே அக்குழுவில் விரும்பப்படுவார். ஊரிலிருந்து கொண்டுபோகும் பண்டத்திலும் இதே கணக்கு உண்டு: காடாம்புலியூர் முந்திரிப்பருப்பை எந்தச் சமயமும் விலக்குவதில்லை என்பதால் அறைத்தோழியருக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு இல்லை, கொட்டைகள் ஒவ்வாமை உள்ளவரா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வளாக விடுதி கிடைக்காதவர் வீவக வீட்டில் அறை எடுப்பதுண்டு. குறைந்தது ஆறு மாதக் குத்தகை வேண்டும் என்பதும், வாடகை வீவகவில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதும் விதி. சமைக்கலாமா, எந்த நேரம் வரை துணி துவைக்கலாம் என்பவற்றை வீட்டுக்காரரிடம் முதல் நாளே பேசி எழுதிக்கொள்வது பின்னாளைய மனக்கசப்பைத் தவிர்க்கும். கட்டடத்தின் தரைத்தளம் பெரும்பாலும் சுவரின்றித் திறந்தே இருக்கும். ஒரு வாரம் அங்கே மலாய்க் கல்யாண விருந்து நடக்கும். மறுவாரம் அதே இடத்தில் சீனர் வீட்டுத் துக்கம் நாள்கணக்கில் நடக்கும். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், இறந்தோருக்காகக் காகிதப் பணத்தை இரும்புத் தொட்டிகளில் எரிப்பர். சாம்பல் பறந்து உலர்த்திய துணியில் விழலாம். அம்மாதத்தில் நடைபாதையோரம் வைக்கப்பட்ட படையலை மிதிக்காமல் சுற்றிச் செல்வதும், சாம்பலைப் பற்றிப் புகார் சொல்வதற்குமுன் துணியை உள்ளே எடுத்துவைப்பதும் அவ்வூர் வழக்கத்தை அறிந்தவரின் அடையாளம்.

மாணவர் பெரிதும் தடுமாறுவது, அயலாராகத் தோன்றும் சீனரிடத்தில் அன்று, தம்மவராகத் தோன்றும் தமிழரிடத்தில்தான். சிங்கப்பூர்த் தமிழர் பல தலைமுறைகளாக அந்நாட்டின் குடிமக்கள். 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழும், பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழும் அவர்களுக்கு உண்டு. அவர்களுடைய தமிழில் மலாயும் ஆங்கிலமும் கலந்திருந்தால் அதைத் திருத்த முனைவதும், ‘எந்த ஊர்?’ என்று கேட்டுச் சாதியைத் துழாவுவதும் அங்கே மிகுந்த அவமதிப்பாகக் கொள்ளப்படும். தமிழர் ‘தேக்கா’ என்று அழைக்கும் லிட்டில் இந்தியாவில் ஞாயிறுதோறும் கூடுவோரில் கட்டுமானத் தொழிலாளர் பலர். கடலூர் மாவட்டத்துப் பேச்சு அங்கே காதில் விழுவது அரிதன்று. படிக்க வந்தவர், உழைக்க வந்தவர், அங்கேயே பிறந்தவர் ஆகிய மூவகைத் தமிழருக்கும் சட்டம் தரும் உரிமைகள் வெவ்வேறு என்பதை உணர்ந்தால், யாரிடமும் உயர்வு தாழ்வு காட்டாமல் பழக இயலும்.

வடலூர் ஜோதி தரிசனத்தோடு தைப்பூசத்தை அறிந்தவருக்கு, அங்கே அது 1968 முதல் பொது விடுமுறை அன்று என்பது வியப்பளிக்கலாம். ஆயினும் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை முருகன் கோயிலுக்குக் காவடிகள் ஆண்டுதோறும் செல்கின்றன. வகுப்பு இருந்தால் விடுப்புக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். அதே மரியாதையை நோன்பு நோற்கும் மலாய்த் தோழிக்கும் அளித்து, குழுப்பணிக் கூட்டத்தை நோன்பு திறக்கும் நேரத்தில் வைக்காதிருக்க வேண்டும். மரியாதையைப் போலவே சட்டத்திலும் கவனம் வேண்டும். ரயிலில் உண்பதும் பருகுவதும் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதத்துக்குரியவை. போதைப்பொருள் சட்டம் மரணதண்டனை வரை செல்வது. பிறர் தரும் பொட்டலம் எதையும், உறவினர் தந்தாலும், பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்கக் கூடாது.

அயலூர் மாணவரை ஏற்பது கடலூர் மாவட்டத்துக்கும் புதிதன்று. 1929இல் தோன்றிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் இலங்கையிலிருந்து வந்த விபுலானந்தர். யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள் அங்கே தமிழ் படித்தார். பிற்காலத்தில் மலேசிய மாணவர் பலர் மருத்துவம் பயின்றனர். அயலூர் மாணவர் தம் கடைத்தெருவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சிதம்பரத்தார் எதிர்பார்த்தார்களோ, அதையே சிங்கப்பூரும் எதிர்பார்க்கும். ஆகவே முதல் மாதத்தில் பக்கத்து அறையினர் மூவரின் பெயரைச் சரியாக உச்சரிக்கவும், அவர்கள் எதை உண்பதில்லை என்பதை அறியவும், வீவக வளாகத்தின் அறிவிப்புப் பலகையை வாரம் ஒருமுறை படிக்கவும் தங்கை பழகிக்கொள்ள வேண்டும். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தப் படிப்புக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் இதில் தேறாதவருக்கு அந்நகரம் கடைசிவரை வெறும் விடுதியாகவே இருக்கும்.

அன்புடன்,
அக்கா