ஆரஞ்சு நிறத்திலிருந்து ஆரம்பியுங்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிய கணினித் தொழில்நுட்பங்களை அறிமுகப்படுத்தும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: அசத்துவது சுலபம், ஆனால் பிரமிப்பு மட்டுமே யாரையும் அறிவியல் பக்கம் திருப்பிவிடாது. மெய்நிகர் கண்ணாடியை மாட்டிவிட்டால் வகுப்பே ஆரவாரம் செய்யும்; அடுத்த வாரம் அது ஒரு நல்ல பொழுதுபோக்காக மட்டுமே நினைவில் நிற்கும். இங்கிலாந்தில் 2009-இல் தொடங்கிய ஆஸ்பயர்ஸ் ஆய்வு 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தது. பெரும்பாலோருக்கு அறிவியல் பாடம் பிடித்திருந்தது. விஞ்ஞானியாக விரும்பியவர்களோ ஏறத்தாழ 15 சதவீதம்தான். ஆர்வத்துக்குக் குறைவில்லை, ‘இது எனக்கான வேலை’ என்ற எண்ணம்தான் வரவில்லை. அந்த எண்ணம் வர வேண்டுமானால், விஞ்ஞானியின் வேலையில் ஒரு சிறு பகுதியையாவது பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க வேண்டும்.

இதற்கு ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. செயற்கை நுண்ணறிவு கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்களை அதில் இலவசமாகப் பார்க்கலாம். இந்தச் செயற்கை நுண்ணறிவை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். நோபல் கதையோடு நிறுத்திவிடாதீர்கள். புற்றுநோய் வராமல் காக்கும் ‘பி53’ என்ற மனிதப் புரதத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நடுப்பகுதி நீல நிறத்தில் கச்சிதமாக மடிந்திருக்கும். தொடக்க முனையில் ஆரஞ்சு இழைகள் தாறுமாறாகத் தொங்கும். நீலம் என்றால் கணிப்பில் நம்பிக்கை அதிகம், ஆரஞ்சு என்றால் மிகக் குறைவு. கணினிக்குத் தெரியவில்லையா, அந்தப் பகுதிக்கு நிலையான வடிவமே கிடையாதா? இந்தக் கேள்வியை வகுப்பில் போடுங்கள். நிலையான வடிவம் இல்லை என்பதே ஆய்வகச் சோதனைகள் காட்டும் விடை. அதை உடனே சொல்லிவிடாமல், எப்படிச் சோதிக்கலாம் என்று அவர்களையே யோசிக்க விடுங்கள்.

பணமும் வசதியும் எங்கே என்று கேட்பார்கள். இணையமுள்ள ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும் போதும். மூன்று மூன்று பேராகப் பிரித்தால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு புரதம் கொடுக்கலாம். ஆசிரியருக்கே இது புதிதாயிற்றே என்பது அடுத்த தயக்கம். ‘எனக்கும் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்’ என்று ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் பிள்ளைக்கு, ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்பது அப்போதே புரிந்துவிடும். கனமான ஆட்சேபம் வேறொன்று: எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே செய்துவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன வேலை மிஞ்சும்? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. 1971 முதல் சேர்ந்துவரும் புரதத் தரவு வங்கியிலிருந்துதான் ஆல்ஃபாஃபோல்ட் கற்றது. அந்த வடிவங்களை எக்ஸ் கதிர்களாலும் நுண்ணோக்கிகளாலும் அளந்து தந்தவர்கள் மனிதர்கள். கணிப்பு சரியா என்று பார்க்கவும், ஆரஞ்சுப் பகுதிகள் உடலுக்குள் என்ன செய்கின்றன என்று அறியவும் இன்னும் ஆட்கள் வேண்டும். கணினி வேகமாகக் கணிக்கக் கணிக்க, சோதித்துப் பார்க்க வேண்டியவையும் பெருகுகின்றன.

நம் பிள்ளைகளிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. புரதத்தின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதை ஜி.என். ராமச்சந்திரனும் சகாக்களும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் வரைபடமாக வெளியிட்டார்கள். ஒரு புரத வடிவம் நம்பத்தக்கதா என்று பார்க்க உலகம் முழுக்க இன்றும் அந்த வரைபடத்தைப் பயன்படுத்துகிறார்கள். இதைச் சொன்ன கையோடு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தைத் தொழில்களுக்கு ஒதுக்குங்கள். புரதத்தைப் படிகமாக்குபவர், எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்குபவர், நிரல் எழுதுபவர், புள்ளியியலாளர் என்று ஒவ்வொருவரும் அன்றாடம் என்ன செய்கிறார், அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு பெயர்களையே கேட்டு வளரும் பிள்ளைக்கு மற்ற வழிகளையும் பெயர் சொல்லிக் காட்டினால்தான் தேர்ந்தெடுக்க முடியும்.