எடையும் இடமும்

நுழையும்முன்

காவடித்தண்டின் இரு முனைகளிலும் சமமற்ற சுமைகள் தொங்கினால், சுமப்பவர் தம் தோளைக் கனமான சுமையின் பக்கமாக நகர்த்திக்கொள்வார். சுமை குறையவில்லை, தாங்கும் இடம் மாறியது, சமநிலை கிடைத்தது. தரையில் நடப்பவருக்கு இது பழக்கத்தால் வரும் அறிவு. வானில் பறப்பவருக்கோ இது தரையிலேயே கணக்கிட்டு முடிக்கவேண்டிய கடமை. சிறு வானூர்தியைத் தம் கையால் கட்டுவோர் அக்கடமையை நிறைவேற்றும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வீட்டில் பிறக்கும் வானூர்தி

வானூர்தி என்றதும் பெருந்தொழிற்சாலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அமெரிக்க நாட்டில் ஆசிரியர், மருத்துவர், தச்சர் எனப் பல தொழில் செய்வோர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே ஓரிருவர் அமரும் சிறு வானூர்திகளைக் கட்டுகின்றனர். இத்தகையோரை ஒன்றிணைக்கும் அமைப்பு ஒன்றை 1953ஆம் ஆண்டு பால் போபரெஸ்னி என்பவர் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கினார். அவ்வமைப்பு நடத்தும் வானூர்தித் திருவிழா 1970 முதல் ஓஷ்கோஷ் நகரில் கூடுகிறது.

இம்மரபின் முன்னோடிகள் ரைட் உடன்பிறப்புகளே. மிதிவண்டிக் கடை நடத்திய அவ்விருவரும் 1903 திசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் கடற்கரையில் தம் ஊர்தியை 12 வினாடிகள் பறக்கவிட்டனர். ஊர்தியைச் செலுத்துபவர் கீழ் இறக்கையின் நடுவே ஒரு பக்கமாகப் படுத்திருந்தார். அவருக்கு வலப்புறம் இயந்திரம் இருந்தது. இயந்திரம் மனிதரைவிடக் கனமானது. எனவே வல இறக்கையை இட இறக்கையைவிட ஏறத்தாழ 10 செ.மீ. நீளமாக அமைத்தனர். எடை மிகுந்த பக்கத்திற்கு ஏற்றவிசையையும் மிகுதியாக்கிய நுட்பம் அது. இடவலச் சமநிலை இவ்வாறு அமைந்தபோதும், ஊர்தியின் மூக்கு ஏறுவதும் தாழ்வதுமாக அலைந்தது. 1904ஆம் ஆண்டுப் பறப்புகளில் அவர்கள் ஊர்தியின் முன்பகுதியில் இரும்பு எடைகளைச் சேர்த்து அதனை ஓரளவு அடக்கினர். எடையைக் கூட்டியும் பறத்தலைச் சீராக்கலாம் என்பது இங்குக் கருதத்தக்கது.

ஈர்ப்பு மையம்

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் செயற்படுவதாகக் கொண்டால், அப்புள்ளியே ஈர்ப்பு மையம். வானூர்திக்கு இம்மையம் இருக்கவேண்டிய முன் எல்லையும் பின் எல்லையும் உண்டு. வடிவமைப்பாளர் அவற்றை வரையறுக்கிறார். சிறு வானூர்தியில் இவ்விடைவெளி ஒரு சாண் அளவே இருக்கலாம்.

மையம் முன் எல்லையைக் கடந்தால் மூக்கு கனக்கும். தரையிறங்கும்போது அதனை உயர்த்த வாலிலுள்ள சுக்கானின் ஆற்றல் போதாமற்போகலாம். பின் எல்லையைக் கடப்பது இதனினும் கொடிது. மூக்கு தானே மேலெழ முயலும். வேகம் குறைந்து இறக்கைகள் ஏற்றவிசையை இழக்கும். அப்போது மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க இயலாமல், ஊர்தி சுழன்று வீழக்கூடும்.

எடையிடுதல்

தொழிற்சாலையில் உருவாகும் ஊர்திகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். வீட்டில் கட்டப்படுபவையோ ஒரே வரைபடத்தில் தோன்றினும் ஒன்றைப்போல் ஒன்று இரா. ஒருவர் கனமான இயந்திரத்தைப் பொருத்துவார். மற்றொருவர் கூடுதலாக ஒரு பூச்சு வண்ணம் அடிப்பார். ஆகவே ஒவ்வோர் ஊர்தியையும் தனித்தனியே எடையிட வேண்டும்.

காற்று புகாதவாறு கதவடைத்த கொட்டகையில், எரிபொருளை வடித்துவிட்டு, ஊர்தியை மட்டமாக நிறுத்துவர். மூன்று சக்கரங்களின் கீழும் மூன்று எடைமேடைகள் வைக்கப்படும். பின்னர்த் தூக்குக்குண்டினைத் தொங்கவிட்டு, மூக்கின் நுனியையும் சக்கர அச்சுகளையும் தரையில் குறித்து, இடைத்தொலைவுகளை அளப்பர். மூக்கின் நுனியைத் தொடக்கக்கோடாகக் கொண்டால் எல்லாத் தொலைவுகளும் அதிலிருந்தே கணக்கிடப்படும்.

கணக்கு

எடையைத் தொலைவால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். திருப்புத்திறன்களின் கூடுதலை மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையத்தின் இடம் கிடைக்கும்.

ஒருவர்பின் ஒருவராக இருவர் அமரும் ஊர்தி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் உச்ச எடை 680 கி.கி.; மைய எல்லைகள் 208 முதல் 226 செ.மீ. வரை. முன்சக்கரம் 95 செ.மீ. தொலைவில் 80 கி.கி. காட்டுகிறது. பின்சக்கரங்கள் இரண்டும் 235 செ.மீ. தொலைவில் 320 கி.கி. காட்டுகின்றன. திருப்புத்திறன் 7,600 + 75,200 = 82,800. இதனை 400ஆல் வகுத்தால், வெற்று ஊர்தியின் மையம் 207 செ.மீ. ஆகும். ஆளும் எரிபொருளும் ஏறியபின் உள்ள நிலையே எல்லைக்குள் இருத்தல் வேண்டும். இனிப் பயணத்திற்கு ஆயத்தமாவோம்.

| பொருள் | எடை (கி.கி.) | தொலைவு (செ.மீ.) | திருப்புத்திறன் |
|---|---|---|---|
| வெற்று ஊர்தி | 400 | 207 | 82,800 |
| செலுத்துநர் | 70 | 220 | 15,400 |
| பின்னிருக்கைப் பயணி | 75 | 295 | 22,125 |
| எரிபொருள் 100 லிட்டர் | 72 | 205 | 14,760 |
| பயணப்பொதி | 30 | 350 | 10,500 |
| மொத்தம் | 647 | | 1,45,585 |

மையம்: 1,45,585 ÷ 647 = 225.0 செ.மீ. எடை உச்சத்திற்குக் கீழ் உள்ளது; மையமும் எல்லைக்குள் உள்ளது. புறப்படலாம் என்றே தோன்றும்.

ஆனால் கணக்கு இங்கு முடிவதில்லை. பறக்கும்போது எரிபொருள் தீர்கிறது. 75 லிட்டர், அதாவது 54 கி.கி. தீர்ந்தபின் எடை 593 கி.கி.; திருப்புத்திறன் 1,34,515; மையம் 226.8 செ.மீ. எரிபொருள் மையத்திற்கு முன்னே இருந்தது. அது குறையக் குறைய மையம் பின்னோக்கி நகர்ந்து எல்லையைக் கடந்துவிட்டது. ஊர்தி இலேசாகியது, இடரோ பெருகியது. செலுத்துநர் தரையிறங்க வேகத்தைக் குறைக்கும் வேளையில்தான் இவ்விடர் அவரை எதிர்கொள்ளும்.

இதற்குத் தீர்வு எளிது. பொதியில் 20 கி.கி.யைத் தரையிலேயே விட்டுச்சென்றால், அதே வேளையில் மையம் 222.5 செ.மீ.யில் நிற்கும். எல்லாவற்றினும் பின்னே இருக்கும் பொதியில் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும், முன்னே குறைக்கும் கிலோவைவிட மிகுந்த பயன் தருகிறது.

தெரிந்து தெளிவோம்

2003 சனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் சிறு பயணியர் விமானம் ஒன்று புறப்பட்டவுடன் வீழ்ந்து, அதிலிருந்த 21 பேரும் உயிரிழந்தனர். வால் சுக்கானின் இணைப்பு தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்ததும், ஈர்ப்பு மையம் பின் எல்லையைக் கடந்திருந்ததும் காரணங்கள் என விசாரணை கண்டறிந்தது. பயணியரை எடையிடாமல் சராசரி எடையைக் கொண்டே கணக்கிட்டிருந்தனர். உண்மை எடை அச்சராசரியைவிட மிகுந்திருந்தது.

நிறைவாக

இக்கணக்கிற்குத் தேவை பெருக்கலும் வகுத்தலுமே. அருமையானது அதனை ஒவ்வொரு முறையும், உண்மையான எடைகளைக் கொண்டு செய்யும் ஒழுங்கே. பல ஆண்டுகள் உழைத்து ஊர்தியைக் கட்டியவர், இருக்கை மாற்றினாலும் புதிய வண்ணம் பூசினாலும் அதனை மீண்டும் எடையிட்டுப் பார்க்கிறார். நண்பர் அன்போடு தரும் பொதியையும் ‘இது எவ்வளவு எடை?’ எனக் கேட்டே ஏற்றுகிறார். அக்கேள்வி கடுமையன்று, உடன் வருபவரின் உயிர்மேல் கொண்ட அக்கறை.

கற்பவை கற்றபின்

1. பாடத்தில் கண்ட ஊர்தியில் செலுத்துநர் மட்டும் 100 லிட்டர் எரிபொருளுடன், பொதியின்றிச் சென்றால் ஈர்ப்பு மையம் எங்கு அமையும் எனக் கணக்கிடுக.
2. ‘எடை குறைந்தது, இடர் பெருகியது’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
3. மிதிவண்டி, படகு, மாட்டுவண்டி ஆகியவற்றில் சுமையை வைக்கும் இடம் குறித்து உழைப்போரிடம் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.