ஓவியனுக்கும் பாயிரம் வேண்டும்

முன்னுரை

மாளிகைக்கு ஓவியமும் மாநகருக்குக் கோபுரமும் எவ்வாறு அழகு செய்கின்றனவோ, அவ்வாறே நூலுக்குப் பாயிரம் அழகு செய்யும் என்பது நன்னூலார் கருத்து. பாயிரத்தின் சிறப்பை விளக்க ஓவியத்தை உவமையாக்கினார் பவணந்தி முனிவர். இன்றோ அந்த ஓவியத்துக்கே ஒரு பாயிரம் தேவைப்படுகிறது. கண்காட்சிக்குப் படம் அனுப்பினாலும், உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாலும், ஓர் இதழுக்குக் கோட்டோவியம் கொடுத்தாலும், "தங்களைப் பற்றிய குறிப்பு ஒன்றை 100 சொற்களில் எழுதி அனுப்புக" என்று கேட்கிறார்கள். தூரிகை பிடித்துப் பழகிய கை பேனாவைப் பிடித்ததும் தடுமாறுகிறது. ஒருவர் தம்மை வானளாவப் புகழ்ந்துகொள்கிறார். மற்றொருவர் கூச்சத்தால் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார். இவ்விரண்டும் இல்லாத நடுவழி யாது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று குறிப்புகள்

ஓவியரிடமிருந்து கேட்கப்படும் எழுத்துகள் மூன்று வகைப்படும். முதலாவது தன்விவரப் பட்டியல். பிறந்த ஆண்டு, கல்வி, கண்காட்சிகள், விருதுகள் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கிக் காட்டுவது இது. இரண்டாவது கலைஞர் கூற்று. "நான் ஏன் இவ்வாறு வரைகிறேன்?" என்னும் வினாவுக்கு ஓவியர் தம் வாயால் கூறும் விடை. மூன்றாவது தொழில்முறை வாழ்க்கைக் குறிப்பு. ஓவியர் இன்னார், இன்ன ஊடகத்தில் இன்ன பொருளை வரைபவர், இன்னாரிடம் கற்றவர், இன்ன இடங்களில் காட்சிக்கு வைத்தவர் என்பதைப் படர்க்கையில், தொடர்ச்சியான உரைநடையில் கூறுவது அது. மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதே நம்மில் பலர் செய்யும் முதற்பிழை. இங்கு நாம் ஆராய்வது மூன்றாவதையே.

பெயர் எழுதாத குறை

"படம்தானே பேச வேண்டும், குறிப்பு எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. இவ்வினாவுக்குப் புதுக்கோட்டைக்கு அருகேயுள்ள சித்தன்னவாசல் விடை தருகிறது. அங்குள்ள சமணக் குடைவரையின் விதானத்தில் தீட்டப்பட்ட தாமரைக் குளம் உலகப் புகழ் பெற்றது. அவ்வோவியங்கள் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்று ஆராய்ச்சியாளர் முதலில் கருதினர். பின்னர் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு ஆராயப்பட்டது. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் பாண்டியன் ஸ்ரீவல்லவன் காலத்தில் அக்குடைவரையைப் புதுப்பித்து, முகமண்டபமும் எடுப்பித்தார் என்னும் செய்தியை அது தந்தது. அதன் பயனாக அவ்வோவியங்கள் 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தவை என்ற கருத்து வலுப்பெற்றது.

பெயர், ஊர், காலம், செய்த பணி என்னும் நான்கே செய்திகள் இரு நூற்றாண்டுக் கணக்கையே மாற்றிவிட்டன. படம் எவ்வளவு பேசினாலும் தன் காலத்தையும் தன்னை ஆக்கியவரையும் தானே சொல்லிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே பாடம் உண்டு. குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்னும் பெயரைக் கல்வெட்டு காத்துத் தந்தது. ஆனால் அதே கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்து, 1931-இல் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களைத் தீட்டியவர் யார் என்பதைச் சொல்ல ஒரு வரியும் இல்லை.

நன்னூல் காட்டும் வழி

எவற்றை எழுதுவது என்ற வினாவுக்கு நம் இலக்கணமே விடை வைத்திருக்கிறது. சிறப்புப் பாயிரம் கூற வேண்டிய செய்திகள் எட்டு என்று நன்னூல் வகுக்கிறது. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்று கொள்வாரும் உண்டு. அவற்றை ஓவியருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஆக்கியோன் பெயர் என்பது ஓவியரின் பெயர். வழி என்பது யாரிடம், எந்த மரபில் கற்றார் என்பது. எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பு. ஓவியருக்கு அது அவர் வாழ்ந்து பணிபுரியும் வட்டாரம். நூற்பெயர் என்பது முக்கியமான படம் அல்லது படவரிசையின் தலைப்பு. யாப்பு என்பது அமைப்பு. நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா, மரச்செதுக்கு அச்சா, சுடுமண்ணா என்னும் ஊடகச் செய்தி இதில் அடங்கும். நுதலிய பொருள் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். கேட்போர் என்பது படம் யாரை நோக்கியது என்பது. பயன் என்பது அப்பணியால் விளைந்தது.

களம் என்பது நூல் அரங்கேறிய அவை. ஓவியருக்குக் கண்காட்சிக்கூடமே களம். காலம் என்பது ஆண்டு. காரணம் என்பது இப்பணியில் இறங்க நேர்ந்த காரணம்.

100 சொற்களில் பதினொன்றும் அடங்கா. பெயர், யாப்பு, பொருள், வழி, களம், காலம் என்னும் ஆறும் இன்றியமையாதவை. மற்றவை இடமிருந்தால் சேரலாம்.

தற்புகழ்ச்சி தகுமா?

எத்துணைக் கல்வி வாய்த்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பது நன்னூலின் முடிவு. ஆதலால்தான் பாயிரத்தை நூலாசிரியர் எழுதாமல், அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணவரோ, உரைகாரரோ எழுத வேண்டும் என்று விதித்தது. வாழ்க்கைக் குறிப்பை நாமே எழுதினாலும் "நான்" என்னாது "இவர்" என்று படர்க்கையில் எழுதும் வழக்கத்தை இதனோடு ஒப்பிடலாம். உடன் கற்ற நண்பர் ஒருவர் நம்மைப் பற்றி எழுதினால் எவ்வாறு எழுதுவாரோ அவ்வாறு எழுதுவதே முறை.

எனினும் நன்னூல் விலக்குகளும் தருகிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வெற்றி பெற வேண்டிய பொழுதிலும், மாற்றார் தம்மைப் பழித்தபோதும் புலவர் தம் திறத்தைக் கூறலாம் என்கிறது. விண்ணப்பம் எழுதுவது அரசவைக்கு ஓலை விடுப்பது போன்றதே. கண்காட்சிக்கு வருபவரோ நம்மை முன்பின் அறியாதவர். ஆகவே கூச்சத்தால் உண்மையை மறைத்தலும் குற்றமே. நாம் செய்ததைச் சொல்லலாம். அது சிறந்தது என்ற தீர்ப்பை மட்டும் காண்பவரிடம் விட்டுவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வரும் குறிப்பைப் பாருங்கள். "பிறவிக் கலைஞரான இவர் வண்ணங்களின் மன்னர். இவருடைய தூரிகையில் இயற்கை அன்னை நடனமாடுகிறாள். கலைக்காகவே தம்மை அர்ப்பணித்தவர்." இது யாரைப் பற்றியது? யாரைப் பற்றியதாகவும் இருக்கலாம். வேறொருவர் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற குறிப்பு எவருக்கும் உரியதன்று.

இப்போது ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி இவ்வாறு எழுதிப் பார்ப்போம்:

"கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) கோவையில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957 முதல் 1967 வரை தாம் பயின்ற நிறுவனத்துக்கே முதல்வராக இருந்தார். எழுத்துகளையும் சோதிடக் கட்டங்கள் போன்ற குறியீடுகளையும் கொண்டு அமைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் படவரிசையை 1963-இல் தொடங்கினார். 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாகத் தலைமையேற்றார்."

இதில் புகழ்ச்சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும் படித்து முடித்தவுடன் ஒரு பெரிய மனிதரைக் கண்ட உணர்வு உண்டாகிறது. இப்பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் பொருத்த இயலாது. இடம் குறைவாயின் இதனையே, "ஓவியர், சென்னை ஓவியப் பள்ளியின் முன்னாள் முதல்வர், சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர்" என்று ஒரே வரியாகச் சுருக்கலாம். இடம் மிகுந்தால், அவர் இளமையில் தந்தித் துறையில் பணியாற்றியதையும், சோழமண்டலத்துக் கலைஞர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று வாழ்க்கை நடத்திக்கொண்டே படம் வரைந்ததையும் சேர்க்கலாம். வயிற்றுக்குச் செய்த தொழிலைக் கூறுவதால் கலைஞரின் பெருமை குறைவதில்லை.

வழியை மறைத்தல்

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற வேண்டியுள்ளது. மாணவர் கண்காட்சி ஒன்றுக்கு மூன்று நீர்வண்ணப் படங்களை அனுப்பவிருந்தேன். உடன் அனுப்ப வேண்டிய குறிப்பில், "எவரிடமும் பயிலாமல் தாமே கற்றவர்" என்று பெருமையோடு எழுதினேன். அதைப் படித்த எங்கள் பேராசிரியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, அளவுகோல் இல்லாமல் தூரிகையால் நேர்கோடு இழுக்கிறாயே, அதை யார் சொல்லிக் கொடுத்தார்?" என்று கேட்டார்.

நான் பேசவில்லை. என் தந்தையார் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். சுண்ணப்பொடி தடவிய நூலைப் பலகையில் அடித்துக் கோடு எடுப்பதும், ஒரு கோலின்மேல் கையைத் தாங்கி எனாமல் வண்ணத்தால் எழுத்தின் வளைவைச் சுழிப்பதும், எழுத்துக்கு நிழல் கொடுப்பதும் அவரிடம் நான் கற்றவை. ஃபிளெக்ஸ் அச்சு வந்தபின் அவருக்கு வேலை குறைந்துவிட்டது. அந்தத் தொழிலைக் குறிப்பில் சொன்னால் என் படங்களை மதிக்கமாட்டார்கள் என்று எண்ணி மறைத்துவிட்டேன்.

பேராசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "எம்.எஃப். ஹுசேன் பம்பாயில் சினிமா விளம்பரத் தட்டிகள் எழுதியவர். அவரைப் பற்றிய எந்தக் குறிப்பும் அதை விடுவதில்லை. வழி என்பது பாயிரத்தின் உறுப்பு அல்லவா?" என்று மட்டும் கூறினார்.

அன்றிரவு குறிப்பை மாற்றி எழுதினேன். "பெயர்ப்பலகை ஓவியரான தம் தந்தையிடம் தூரிகைப் பயிற்சி பெற்றவர்" என்று ஒரு வரி சேர்த்து, அவர் கடை தொடங்கிய ஆண்டையும் குறித்து, தந்தையாரிடம் காட்டினேன். இருமுறை படித்தார். பாராட்டவில்லை. "ஆண்டு தப்புடா. 1991 இல்லை, 1989" என்று சொல்லித் தம் பேனாவால் திருத்திக் கொடுத்தார். அவர் திருத்திய குறிப்பையே அனுப்பினேன்.

மாணவர்க்கு ஒரு மாதிரி

கண்காட்சி அனுபவம் மிகுதியாக இல்லாத மாணவர் பின்வருமாறு எழுதலாம்: "இன்னார் நீர்வண்ணத்திலும் மைக்கோட்டிலும் படம் வரைபவர். தம் ஊர் வாரச்சந்தையையும் அங்கு வரும் மனிதரையும் தொடர்ந்து வரைந்து வருகிறார். இன்னாரிடம் இத்தனை ஆண்டுகள் பயின்றார். இன்ன கல்லூரியில் இன்ன பாடம் படிக்கிறார். இன்ன ஆண்டு கல்லூரிக் கண்காட்சியில் இவருடைய ஆறு படங்கள் இடம்பெற்றன. இன்ன ஊரில் வசிக்கிறார்." குறுகியதாயினும் இது நிறைவான குறிப்பே.

எழுதும்போது மனத்தில் கொள்ள வேண்டியவை சில:

1. பெயரையும் தலைப்பெழுத்தையும் எல்லா இடத்திலும் ஒரே வகையில் எழுதுக. தமிழில் ஒரு தலைப்பெழுத்தும் ஆங்கிலத்தில் வேறொன்றும் வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் ஒருவரே இருவராகிவிடுவர்.

2. பிறப்பில் தொடங்க வேண்டுவதில்லை. உயிருடன் உள்ள ஓவியரின் குறிப்பு இன்று செய்யும் பணியில் தொடங்குவது நன்று.

3. குழுக் கண்காட்சியைத் தனிக்கண்காட்சி என்று எழுதலாகாது. பங்குபெற்றதை வேறாகவும் பரிசு பெற்றதை வேறாகவும் குறிப்பிடுக.

4. அயல்நாட்டார் ஒருவர் ஒரு படம் வாங்கியதைக் கொண்டு "உலகப் புகழ் பெற்றவர்" என்று எழுதலாகாது.

5. ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, இப்போது இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. வாழ்க்கைக் குறிப்புக்கு அதுவே மூலம். ஆண்டுக்கு ஒருமுறை அதைக்கொண்டு குறிப்பைப் புதுப்பிக்க வேண்டும்.

6. எழுதி முடித்தபின் நம்மை அறிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். நாம் மறந்ததையும் மறைத்ததையும் அவர் கண்டுகொள்வார்.

முடிவுரை

வாழ்க்கைக் குறிப்பு என்பது விளம்பரமன்று. அது ஓர் ஆவணம். படத்தின் அருகே நாம் நிற்க இயலாத இடத்தில் நமக்காக நிற்பது அது. சோழர் ஓவியத்தைத் தீட்டியவருக்குத் தம் பெயரை எழுதும் வாய்ப்பு கிடைத்ததோ இல்லையோ, நமக்கு அது கிடைத்திருக்கிறது. யார், யாரிடம் கற்றார், எதை வரைந்தார், எப்போது, எங்கே என்பவற்றை உள்ளது உள்ளவாறு எழுதி வைப்போம். நமக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரின் பெயரும் அவ்வரிகளில் இடம்பெறட்டும்.