கிராமர் பள்ளிக்காக வீடு மாறலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. கிராமர் பள்ளிகள் நிறைய உள்ள கென்ட் பக்கம் வீடு வாங்கலாம் என்கிறார் கணவர். போகலாமா?
– ஒரு வாசகி

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. வீடு வாங்கியதும் இடம் கிடைத்துவிடாது. இயர் சிக்ஸ் தொடங்கும் செப்டம்பரிலேயே மகள் கிராமர் பள்ளிக்கான லெவன் பிளஸ் நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால்? கென்ட்டில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பகுதியை கிராமர் பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. மற்றப் பள்ளிகள் பெயரளவில்தான் எல்லோருக்குமானவை. ஹாரோவில் அரசு கிராமர் பள்ளியே கிடையாது. அதனால் அங்குள்ள, நுழைவுத் தேர்வு வைக்காத காம்ப்ரிஹென்சிவ் பள்ளிகளில் எல்லாத் தரத்துப் பிள்ளைகளும் கலந்து படிக்கிறார்கள். வீடு தேடும்போது பலர் கவனிக்கத் தவறுவது இந்த வேறுபாட்டைத்தான்.

மகனையும் நினையுங்கள். அக்கா தேறி, தம்பி தேறாமல் போனால், பத்து வயதில் அந்தப் பையன் மீது விழும் முத்திரை கொடுமையானது. அவனுக்கு ஆர்வம் இருந்தால் பார்னெட்டில் உள்ள குயீன் எலிசபெத் ஆண்கள் பள்ளிக்கு ஹாரோவில் இருந்தபடியே தேர்வு எழுதலாம். அங்கே மதிப்பெண்தான் கணக்கு, முகவரி அல்ல.

கிராமர் கிடைக்காவிட்டாலும் மனநிறைவோடு சேர்க்கக்கூடிய பள்ளி பக்கத்தில் இருந்தால் மட்டும் வீடு மாறுங்கள். அந்தப் பள்ளியைச் சாதாரண வேலை நாளில் போய்ப் பாருங்கள். இயர் சிக்ஸில் இடைநிலைப் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31.