குறைமாதக் குழந்தையின் வயிற்றளவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கர்ப்பத்தின் 37 வாரம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. பாலைச் சப்பி, விழுங்கி, இடையில் மூச்சும் விடும் ஒழுங்கு பெரும்பாலும் 32 முதல் 34 வாரத்தில்தான் கூடிவருகிறது. அதற்கும் முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்கு, வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பைக்குள் செலுத்திய மெல்லிய குழாயில்தான் பால் இறங்குகிறது. இறங்கிய பாலைக் குடல் ஏற்கிறதா என்பதை அறிய மூன்று அளவுகள் நீண்ட காலமாகப் பயன்பட்டு வருகின்றன: குழாயில் திரும்பி வரும் பாலின் அளவு, வயிற்றுச் சுற்றளவு, எடை. மூன்றைச் சுற்றியும் தவறான நம்பிக்கைகள் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பங்களிடம் மட்டுமல்ல, உள்ளே பணிபுரிவோரிடமும் அவற்றில் சில பழக்கமாக ஊறிப்போயிருக்கின்றன.

நம்பிக்கை: இரைப்பையில் பால் மிஞ்சியிருந்தால் குழந்தைக்குச் செரிக்கவில்லை.

ஒவ்வொரு வேளை பால் கொடுப்பதற்கு முன்பும் குழாயில் சிரிஞ்சை மாட்டி, மிச்சம் எவ்வளவு என்று உறிஞ்சிப் பார்ப்பது பல பத்தாண்டுப் பழக்கம். முந்தைய வேளைப் பாலில் பாதி திரும்பினால் அடுத்த வேளையை நிறுத்துவது ஓர் இடத்தின் விதி. கிலோவுக்கு 2 அல்லது 3 மி.லி. என்பது இன்னோர் இடத்தின் விதி. எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் இல்லை.

குறைமாதக் குழந்தையின் குடல் அசைவு இன்னும் முதிரவில்லை. இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். முதல் நாட்களில் கொஞ்சம் பால் தங்குவது அந்த வயதுக்கு இயல்பு. சிரிஞ்சில் வரும் அளவும் நிலையானதன்று: குழாயின் நுனி எங்கே இருக்கிறது, சிரிஞ்சு பெரியதா சிறியதா, குழந்தை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். பலமாக இழுத்தால் இரைப்பையின் மெல்லிய உட்சவ்வு புண்படலாம். எடுத்ததைக் கொட்டிவிட்டால், செரிமானத்துக்கு வேண்டிய அமிலமும் நொதிகளும் பாலோடு சேர்ந்து வீணாகின்றன.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு இந்தப் பழக்கத்தை நேரடியாகச் சோதித்தது. 32 வாரத்துக்குள், 1250 கிராமுக்கு மேற்படாத எடையில் பிறந்த 143 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மிச்சத்தை வழக்கம்போல் பார்த்தார்கள், மற்றவர்களுக்குப் பார்க்கவில்லை. பார்க்காத குழந்தைகள் கூடுதலாகப் பால் பெற்றார்கள்; சுமார் 8 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். மிச்சம் பார்ப்பதைக் கைவிட்டால் குடல் திசு அழியும் நோய் பெருகிவிடும் என்ற அச்சத்துக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அரிதாக வரும் அந்த நோயைப் பற்றி முடிவாகச் சொல்ல 143 என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: டேப்பில் 2 செ.மீ. கூடினால் உடனே பாலை நிறுத்த வேண்டும்.

சிரிஞ்சால் உறிஞ்சுவதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது வயிற்றுச் சுற்றளவு. குழந்தையை வருத்தாத, செலவில்லாத, எந்த மருத்துவமனையிலும் செய்யக்கூடிய முறை அது. 1500 கிராமுக்கும் குறைவான எடையில் பிறந்த 80 குழந்தைகளிடம் டெல்லியில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியானது. சுற்றளவை மட்டும் பார்த்த குழந்தைகள் முழு அளவுப் பாலை நடுமதிப்பில் 10 நாளில் எட்டினார்கள். மிச்சப் பாலைப் பார்த்தவர்களுக்கு 14 நாள் ஆனது. நான்கு நாள் சிறிய லாபமன்று. அத்தனை நாளும் நரம்பு வழிச் சத்துக்காக ஏற்றியிருக்கும் ஊசி, தொற்று நுழையும் வாசலாகவே இருக்கிறது.

அதற்காக டேப்பைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் தவறு. 2 செ.மீ. என்பது கவனிக்கச் சொல்லும் எல்லை. 22 செ.மீ. வயிற்றில் அது ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு, அலட்சியப்படுத்தக் கூடியதன்று. ஆனால் மலம் கழிக்காத வயிறும், அழுது காற்றை விழுங்கிய வயிறும், இப்போதுதான் பால் குடித்த வயிறும் அதே அளவுக்கு ஏறி இறங்கக்கூடும். மூக்கு வழியே தொடர் அழுத்தத்தில் காற்று செலுத்தும் சிபாப் கருவியில் இருக்கும் குழந்தைக்குக் குடலில் காற்று சேர்ந்து வயிறு உப்பும். தொட்டால் மென்மையாக இருந்து, குழந்தையும் தெளிவாக இருந்தால் அந்த உப்பல் பெரும்பாலும் தீங்கற்றது. குழாயைத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றினாலே தணியும்.

அளக்கும் முறையில் வரும் பிழையே பல நேரம் 1 செ.மீ.யை விழுங்கிவிடுகிறது. காலையில் ஒரு செவிலியர் தொப்புளின் மேல் டேப்பை வைக்கிறார். இரவில் இன்னொருவர் தொப்புளுக்குச் சற்று மேலே வைக்கிறார். ஒருவர் டேப்பை இறுக்குகிறார், ஒருவர் தளர்த்துகிறார். இதைத் தவிர்க்கும் வழி எளிது, கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதுதான் கடினம். குழந்தை மல்லாந்து அமைதியாக இருக்க வேண்டும். இழுபடாத டேப் வேண்டும். குழந்தைக்குக் குழந்தை அது தனியாக இருந்தால் தொற்றும் பரவாது. தோலில் மெல்லிய கோடிட்டு எப்போதும் அதே இடத்தில், பால் கொடுப்பதற்கு முன், மூச்சை வெளிவிடும் கணத்தில் அளக்க வேண்டும். ஒப்பிட வேண்டியது முந்தைய சில மணி நேரத்து அளவோடு. போன வாரத்து எண்ணோடு ஒப்பிட்டால் குழந்தை வளர்ந்ததே நோயாகத் தெரியும்.

எண் ஏறும்போது அதனுடன் வேறு என்ன வந்திருக்கிறது என்பதே கேள்வி. வயிறு பளபளத்து இறுகியிருக்கிறதா, தோலின் நிறம் மாறியிருக்கிறதா, குடல் வளையங்கள் மேலே தெரிகின்றனவா, மலத்தில் இரத்தம் உண்டா, குழந்தை சோர்ந்திருக்கிறதா, மூச்சு அடிக்கடி நின்று வருகிறதா, உடல் வெப்பம் நிலையில்லாமல் இருக்கிறதா? இவற்றில் எதையும் டேப் காட்டாது. இவை இருந்தால், சுற்றளவு துளியும் கூடாவிட்டாலும் மருத்துவர் உடனே பார்த்தாக வேண்டும்.

நம்பிக்கை: குழாயில் திரும்பும் பாலில் பச்சை நிறம் கண்டால் குடல் அழுகத் தொடங்கிவிட்டது.

மிகக் குறைந்த வாரங்களில் பிறந்த குழந்தைக்கு முதல் நாட்களில் சிறுகுடலின் பித்தநீர் இரைப்பைக்கு மேலேறி வருவது உண்டு. வயிறு மென்மையாக இருந்து வேறு அறிகுறி இல்லையென்றால் இளம்பச்சைக் கறை ஒன்று மட்டும் குடல் திசு அழியும் நோய்க்குச் சான்றாகாது. கரும்பச்சையாக வாந்தி எடுப்பது வேறு விஷயம். குடல் அடைப்பு இல்லை என்று உறுதியாகும்வரை அதை அவசரமாகவே கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: சந்தேகம் வந்தால் குடலுக்கு ஓய்வு கொடுப்பதே பத்திரம்.

மற்ற எல்லா நம்பிக்கைகளுக்கும் வேர் இதுதான். இதன் பின்னால் இருக்கும் பயம் உண்மையானது. நெக்ரோடைசிங் என்டரோகொலைட்டிஸ் எனப்படும் குடல் திசு அழிவு நோய் சில மணி நேரத்தில் குழந்தையைக் கொண்டுபோய்விடக்கூடியது. அது உறுதியானால் பாலை நிறுத்தி, நரம்பு வழிச் சத்தும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தருவது கட்டாயம். ஆனால் ஒவ்வொரு சிறு உப்பலுக்கும் பாலை நிறுத்துவது பத்திரமன்று. பால் படாத குடலின் உட்சுவர் மெலிகிறது, நொதிகள் குறைகின்றன. நரம்பு வழிச் சத்து நீளநீள இரத்தத் தொற்றும் பித்தத் தேக்கமும் நெருங்குகின்றன. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,804 குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்குக் கிலோவுக்கு 30 மி.லி. வீதம் பாலைக் கூட்டியவர்களுக்கும் 18 மி.லி. வீதம் கூட்டியவர்களுக்கும் குடல் நோயில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மெதுவாகப் போனால் காப்பாற்றலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே ஆதரவு கிடைக்கவில்லை. குடல் நோயைக் குறைக்கும் என்று நன்கு நிறுவப்பட்டது தாய்ப்பால். அம்மாவிடம் போதாதபோது தானமாகப் பெற்ற தாய்ப்பால் அடுத்த தெரிவு.

நம்பிக்கை: எடை ஏறினால் பால் ஒத்துக்கொள்கிறது என்று பொருள்.

எடை வளர்ச்சியின் அளவு, பால் ஒத்துக்கொள்வதன் அளவன்று. பிறந்த முதல் வாரத்தில் உடலின் மிகுதி நீர் வெளியேறி எடை இறங்குவது எதிர்பார்த்ததே. பிறந்த எடை திரும்ப இரண்டு வாரம் வரை ஆகலாம். அந்த இறக்கத்தைக் கண்டு தன் பால் போதவில்லை என்று அழும் தாய்க்கு இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மறுபுறம், ஒரே நாளில் திடீரென்று ஏறும் எடை நீர்க்கோவையாக இருக்கலாம். பிறந்த எடை திரும்பிய பிறகு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் வளர்ச்சி இலக்கு. வாரம் ஒருமுறை எடுக்கும் நீளமும் தலைச் சுற்றளவும் அதோடு சேர்ந்து ஏற வேண்டும். எடை மட்டும் ஏறி நீளம் நின்றுவிட்டால் ஊட்டத்தில் புரதம் போதுமா என்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: வீட்டுக்கு வந்த பிறகும் வயிற்றை அளந்துகொண்டிருக்க வேண்டும்.

தேவையில்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நிலைக்கு வந்த குழந்தைக்கு டேப்பின் வேலை முடிந்துவிட்டது. எடையையும் நீளத்தையும் தலைச் சுற்றளவையும் மறுபரிசோதனையின்போது பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் பார்க்க வேண்டியவை கண்ணுக்கும் கைக்கும் தெரிபவை: பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், கல்லாக இறுகிய வயிறு, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.