'கம்போர்ட்' என்னும் வினைச்சொல்

நடத்தையைக் குறிக்க நாம் முதலில் கற்கும் ஆங்கிலச் சொல் 'பிஹேவ்'. அதே பொருளுள்ள 'கம்போர்ட்' என்ற சொல்லை நம்மில் பலர் 'கம்ஃபர்ட்' என்று படித்துவிடுகிறோம். ஆறுதலைக் குறிக்கும் 'கம்ஃபர்ட்' முதல் அசையில் அழுத்தம் பெறும். 'கம்போர்ட்' இரண்டாம் அசையில் பெறும்.

இலத்தீன் மொழியில் 'போர்த்தாரே' என்றால் சுமத்தல். இரயில் நிலையத்துப் 'போர்ட்டர்' என்ற பெயரும் அந்த வேரில் பிறந்ததே. போர்ட்டர் பிறருடைய பெட்டியைச் சுமக்கிறார். 'கம்போர்ட்' என்ற வினையிலோ ஒருவர் தம்மைத் தாமே சுமக்கிறார். ஆகவே, இப்பொருளில் 'ஹெர்செல்ஃப்', 'அவர்செல்வ்ஸ்' போன்ற சொல் கூடவே வரவேண்டும். 'ஷீ கம்போர்ட்டட் ஹெர்செல்ஃப் வித் டிக்னிட்டி' என்பது சரி. 'ஷீ கம்போர்ட்டட் வெல்' என்பது பிழை. இதை மனனம் செய்யத் தேவையில்லை. 'கண்ணியமாக நடந்துகொண்டாள்' என்று நாம் சொல்லும்போது அந்தக் 'கொண்டாள்' செய்கிற வேலையைத்தான் அங்கே 'ஹெர்செல்ஃப்' செய்கிறது. ஆங்கிலத்தில் சுமத்தல், தமிழில் நடத்தல்! 'ஒழுக்கம்' என்பதோ நீர் ஒழுகுவதைக் குறிக்கும் அதே வினையிலிருந்து வந்தது. திருக்குறளின் 14ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போது இதை எண்ணிப் பார்க்கலாம்.

தாய் குழந்தையை 'பிஹேவ்!' என்று அதட்டினால் 'ஒழுங்காக இரு' என்று பொருள். 'கம்போர்ட்' அப்படித் தனித்து நில்லாது. எப்படி என்பதையும் சொல்லவேண்டும். துக்க வீட்டிலும் நீதிமன்றத்திலும் ஒருவர் நடந்துகொண்ட விதத்தை எழுத ஏற்ற சொல் அது. தம்பியை அதட்ட அதைப் பயன்படுத்தினால் வீடே சிரிக்கும்.

இன்னொரு பொருளும் உண்டு. 'கம்போர்ட் வித்' என்றால் ஒத்துப்போதல். ஒரு சட்டம் அரசியலமைப்போடு ஒத்துப்போகிறதா என்று கூற அமெரிக்க நீதிமன்றங்கள் இதை எழுதுகின்றன. இங்கே 'செல்ஃப்' வராது. நமக்கு இந்தப் பொருளே கடினமானது என்று தோன்றுகிறது, இலக்கணத்தால் அன்று. காலையில் சிற்றாலயத்தில் நாம் சொல்லும் ஜெபமும், சற்று நேரம் கழித்து வகுப்பறையைப் பெருக்கும் ஆயாவிடம் நாம் பேசும் தொனியும் ஒன்றோடொன்று 'கம்போர்ட்' ஆகின்றனவா? அவரை 'அம்மா' என்றழைக்கும் மாணவியர் எத்தனை பேர்?

இதன் உடன்பிறப்பு 'டிபோர்ட்'. 'செல்ஃப்' சேர்ந்தால் நடந்துகொள்ளுதல், சேராவிட்டால் நாடுகடத்துதல். தேர்வில் அந்தச் சிறு சொல்லை விட்டுவிட்டால், விழாவில் அழகாக நடந்துகொண்ட தலைவியை நாட்டைவிட்டே துரத்தியவர்களாவோம்!