மாமல்லபுரம்: வெயில் பார்த்துப் போங்கள்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே திட்டத்தைத்தான் போடுகிறார்கள். காலை எட்டு மணிக்குச் சென்னையில் கிளம்புவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரிடத்தில் டிபன், பத்தரைக்கு ஊருக்குள் நுழைவது, வண்டி நிறுத்த எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கிருந்து ஆரம்பித்து ஒன்றரைக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்வது. முக்கியமான இடங்கள் எல்லாம் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பதால் பார்வைக்கு நல்ல திட்டம்தான். ஆனால் இந்த ஊரில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. எந்தச் சிற்பம் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதை வைத்துத்தான் நாளைப் பிரிக்க வேண்டும். கருங்கல்லில் கோடும் வண்ணமும் உதவிக்கு வராது; மேடும் பள்ளமும்தான் உருவம். அதை எடுத்துக்காட்டுவது சாய்வாக விழும் வெயில். தவறான நேரத்தில் போனால் அதே சிற்பம் வெறும் சாம்பல் நிறப் பாறையாகத் தெரியும். ‘இவ்வளவுதானா’ என்று திரும்பி வருவோம்.

எளிய விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். மார்கழி முதல் மாசி வரை போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் கத்திரி வெயிலுக்கும் அந்தப் பக்கமே வேண்டாம். வார நாளாக இருக்கட்டும். ஊருக்கு ரயில் கிடையாது. செங்கல்பட்டில் இறங்கினால் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் பஸ் பயணம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட், அந்த நாளுக்கு மட்டும். காலையில் வாங்கியதைச் சாயங்காலம்வரை பத்திரமாக வைத்திருங்கள். கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள், இழுப்பு அதிகம். முந்தின நாள் இரவே வந்து தங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் இதைப் பொறுத்துத்தான் அமையும்.

காலையில் கதவு திறந்ததும் கடற்கரைக் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் எழுந்த கட்டுமானக் கோயில் இது. மற்றவை பாறையைக் குடைந்தவை, செதுக்கியவை, இது கல் அடுக்கிக் கட்டியது. பெரிய சிவன் சன்னதி கிழக்கே கடலைப் பார்க்கிறது, சிறியது மேற்கே ஊரைப் பார்க்கிறது, நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். நாம் உள்ளே போவது மேற்குப் பக்கமாக. அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், சுற்றிக்கொண்டு கடல் பக்கம் போய்விடுங்கள். உப்புக் காற்று தின்றதில் சிற்பங்களின் முகங்கள் மழுங்கிவிட்டன. நுணுக்கத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். இளவெயிலில் விமானத்தின் அடுக்குகளை மட்டும் பாருங்கள், அரை மணி நேரம் போதும். பிறகு இட்லி சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்த படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அர்ச்சுனன் தபசு எனப்படும் பாறைச் சிற்பம் கிழக்கு பார்த்தது. விடிந்த உடனே போனால் வெயில் நேராக முகத்தில் அடித்து எல்லாம் தட்டையாகிவிடும். பிற்பகலில் பாறை தன் நிழலிலேயே மூழ்கிவிடும். எட்டரையிலிருந்து பத்துவரை, வெயில் சற்று ஏறியபின்தான் யானைகளின் வயிறு திரளும், விரல்கள் பிரியும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெளிச்சம் நமக்கு இடப்புறமிருந்து வரும். மார்கழியைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். முதலில் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்று முழுப் பாறையையும் பாருங்கள். நடுவில் ஒரு பிளவு, அதில் நாகர்கள், இருபுறமிருந்தும் தேவர்களும் விலங்குகளும் அதை நோக்கி வருகிறார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் ஒடுங்கிய வயிற்றுத் தவசி அர்ச்சுனனா, பகீரதனா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பிளவை கங்கையாகக் கொண்டால் பகீரதன் பக்கம் வலுக்கிறது. இதற்கு ஒரே விடையை அடித்துச் சொல்லும் வழிகாட்டியை அமர்த்தாதீர்கள். அப்புறம் கிட்டே போய், பெரிய யானையின் காலடியில், முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையைக் கண்டுபிடியுங்கள். எலும்பு தெரியும் விலா, சுற்றிலும் அதை நம்பிக் கும்பிடும் எலிகள். மேலே நடக்கும் உண்மைத் தவத்துக்குக் கீழே அதன் கேலியையும் செதுக்க ஒரு சிற்பிக்குத் துணிவு இருந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அங்கிருந்து குன்றின் மேல் ஏறி, வெயில் உறைப்பதற்குள் கலங்கரை விளக்கத்தின் அருகிலுள்ள மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குப் போய்விடுங்கள். அதுவும் கிழக்கு பார்த்ததுதான். வடக்குச் சுவரில் சிங்கத்தின் மேல் பாய்ந்து வரும் துர்க்கை, எதிரே தெற்குச் சுவரில் அசையாமல் உறங்கும் திருமால். இரண்டுக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பாருங்கள். சுவருக்குச் சுவர் வேகம் எப்படி மாறுகிறது என்பது புரியும். பதினொன்றரைக்குமேல் கல் சுடும். சாப்பிட்டுத் தூங்குங்கள். மூன்று மணிக்கு மேற்கு பார்த்த வராக மண்டபம், நாலு மணிக்கு ஐந்து ரதங்கள். திரௌபதி, அர்ச்சுனன், பீமன், தருமராசன் ரதங்கள் நான்கும் மேற்கு பார்த்தவை. காலையில் முகப்புகள் இருண்டு கிடக்கும், பிற்பகலில்தான் திறக்கும். பார்வையை மேலிருந்து கீழே கொண்டுவாருங்கள்: தருமராசன் ரதத்தின் மேல்தளங்கள் முடிந்திருக்க, அடித்தளம் முடியாமல் நிற்கிறது. ஒற்றைப் பாறையை உச்சியிலிருந்து குடைந்து இறங்கினார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஒரே ஊருக்குள் இப்படி முன்னும் பின்னும் அலைவது வீண் என்பார்கள். கூடுதலாக நடப்பது மொத்தம் இரண்டு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவும் இருக்கிறது. சாயங்காலம் ரதங்களில் கூட்டம் நெரியுமே என்பது நியாயமான ஆட்சேபம். கூட்டத்தைத் தவிர்க்க வார நாள் இருக்கிறது, இருண்ட முகப்பைச் சரிசெய்ய வழியே இல்லை. வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் அலைய முடியாது என்பதுதான் வலுவான ஆட்சேபம். அவர்களுக்குச் சொல்வது: எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை விடுங்கள். மூன்று மணிக்கு வந்து வராக மண்டபத்தையும் ரதங்களையும் மட்டும் நிதானமாகப் பாருங்கள், தபசை இன்னொரு தடவைக்கு வையுங்கள். பாதி ஊரைச் சரியான வெளிச்சத்தில் பார்ப்பது முழு ஊரையும் உச்சி வெயிலில் ஓடி முடிப்பதைவிட மேல்.

வெண்ணெய் உருண்டைப் பாறையை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லையே என்று கேட்கலாம். அதில் செதுக்கு வேலை எதுவும் இல்லை. எந்த வெயிலும் அதற்குப் போதும். போகிற வழியில் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.